முத்துக்குளித்துறையும் தமிழ்க் குடும்ப மர்ம நாவலும்

குடும்ப மர்ம நாவல் என்பது வீட்டுக்குள்ளேயே மர்மம் முளைக்கும் கதை வகையாகும். கொலைகாரனைத் துரத்துவது இதன் முதன்மை நோக்கமன்று. வீட்டிலிருந்து ஒருவரோ ஒரு குடும்பமோ காணாமற்போவதும், அவர்களைத் தேடும்போது கணவன் மனைவிக்கு இடையில் மறைந்திருந்த செய்திகள் வெளிவருவதும் இதன் பொதுவான அமைப்பு. ஆங்கிலத்தில் 1860களில் வில்கி காலின்ஸ், மேரி எலிசபெத் பிராடன் ஆகியோர் எழுதிய பரபரப்பு நாவல்கள் இதற்கு முன்னோடிகள். அமெரிக்க எழுத்தாளர் கில்லியன் ஃபிளின் 2012இல் வெளியிட்ட 'கான் கேர்ள்' நாவலுக்குப் பிறகு இவ்வகை உலகெங்கும் மீண்டும் பரவியது.

தமிழில் இவ்வகை இறக்குமதியாக வந்தது என்று மட்டும் சொல்வது பொருந்தாது. தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே காணாமற்போதலும் இல்லற ஐயமும் மையப் பொருள்களாக இருந்தன. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறை இந்த வரலாற்றில் மூன்று விதமாக இடம்பெறுகிறது. சிலப்பதிகாரத்தின் கொற்கை முத்து இங்கிருந்து கிடைத்தது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையா இவ்வட்டாரத்தில் பிறந்தவர். 'கடல்புரத்தில்', 'ஆழி சூழ் உலகு' ஆகிய நாவல்களின் களமும் இக்கடற்கரையே.

முத்துக்குளித்துறை

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலிய ஊர்களைக் கொண்ட கடற்கரைப் பகுதி முத்துக்குளித்துறை எனப்படுகிறது. சங்க காலத்தில் இதன் தலைமைத் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் பின்வாங்கியதால் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. துறைமுகம் காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது. தூத்துக்குடி 1974இல் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 1986இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானது.

இக்கரையின் பரதவர் 1530களில் போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இங்கு வந்தார். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வணிகமும் கடற்பயணமும் தொழிலாகக் கொண்ட முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். சமயம் வேறாயினும் இக்கரைக் குடும்பங்கள் அனைத்துக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. ஆண்கள் கடல் மேல் போவார்கள். திரும்பும் நாள் உறுதியில்லை. மீன்பிடி, சங்குகுளி, முத்துக்குளி, கொழும்புக்குத் தோணி ஓட்டுதல் எனத் தொழில் எதுவானாலும் வீட்டில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பு ஒன்றே.

முத்துக்குளிக்கும் முறையிலேயே குடும்ப உறவு பின்னப்பட்டிருந்தது. குளிப்பவர் கனமான கல்லைக் காலில் பொருத்திக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளைப் பொறுக்கிப் பைக்குள் போடுவார். கயிற்றை அசைத்ததும் மேலே தோணியில் இருப்பவர் அவரை இழுத்துவிட வேண்டும். கயிறு பிடிப்பவர் ஒரு கணம் தாமதித்தாலும் உயிர் போய்விடும். அதனால் மனைவியின் உடன்பிறந்தானாகிய மச்சானிடம் கயிற்றைக் கொடுப்பது வழக்கம் என்று இக்கரையில் சொல்லப்படுகிறது. தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஒருவன் உயிர் அவனுடைய இல்லற உறவின் உறுதியில் தொங்கியது என்பதை இவ்வழக்கம் காட்டுகிறது. மைத்துனனுடன் பகை, மனைவியுடன் பிணக்கு என்றால் அது கடலுக்கு அடியிலும் ஆபத்து. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

சிலம்பும் கொற்கை முத்தும்

தமிழில் இல்லற இரகசியமும் குற்ற விசாரணையும் ஒன்றாக வரும் மிகப் பழைய பெருங்கதை சிலப்பதிகாரம். கோவலன் மாதவியிடம் சென்று செல்வத்தை இழக்கிறான். பின்னர் பெற்றோரிடமும் சொல்லாமல் விடியுமுன் கண்ணகியுடன் புகாரை விட்டு வெளியேறுகிறான். ஊராரைப் பொறுத்தவரை ஒரு வணிகக் குடும்பம் ஒரே இரவில் காணாமற்போய்விட்டது. மதுரையில் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன் மேல் போடுகிறான். விசாரணையின்றி அவன் கொல்லப்படுகிறான்.

வழக்கைத் தீர்ப்பது ஒரு தடயம். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல்; பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். சிலம்பு உடைந்ததும் மாணிக்கம் தெறிக்கிறது, உண்மை வெளிப்படுகிறது. பாண்டிய அரசியின் சிலம்பில் முத்து இருந்தது தற்செயலன்று. கொற்கைத் துறையின் முத்து பாண்டியரின் தனிச் செல்வம். நெடுஞ்செழியன் இறந்த பிறகு கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்கு விழா எடுத்ததாக அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர் உயிர் கொடுத்தனர் என்னும் இச்செய்தி, கதை முடிந்த பிறகும் நீதி முடியவில்லை என்ற கேள்வியை எழுப்புகிறது.

உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்தார். அதற்கு அடுத்த ஆண்டே தமிழின் முதல் குடும்ப மர்மத் தொடர்கதை எனத் தக்க ஒன்று வெளிவரத் தொடங்கியது.

ஆபத்துக்கிடமான அபவாதம்

தமிழின் முதல் நாவலான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சானது. அதிலேயே கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தொலைத்துவிடும் பகுதி உண்டு. ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு, அரசனாகவும் ஆகி, கணவனை மீட்கிறாள். ஆயினும் அது வேடிக்கையும் வீரமும் கலந்த கதை. கணவனின் மனத்துக்குள் ஐயம் நுழைந்து குடும்பத்தைக் குலைப்பதை முதன்முதலில் விரிவாக எழுதியவர் பி. ஆர். ராஜமையர்.

வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த ராஜமையர், சி. வி. சுவாமிநாதையர் நடத்திய 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை ஒரு தொடர் எழுதினார். அதன் பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. 1896இல் நூலானது. பின்னர் 'பிரபுத்த பாரதா' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியரான ராஜமையர் 1898இல் 26ஆம் வயதில் காலமானார்.

மதுரைச் சீமையின் சிறுகுளம் என்னும் ஊரில் முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் நிறைவான இல்லறம் நடத்துகின்றனர். ஓரகத்தி பொன்னம்மாளுக்குப் பொறாமை. நெடுநாள் கழித்துப் பிறந்த மகன் நடராஜன் காணாமற்போகிறான். தம்பியின் மரணம், செல்வ இழப்பு என்று துன்பங்கள் தொடர்கின்றன. கடைசியில் மனைவியின் நடத்தை பற்றிய பொய்ச்செய்தி ஐயரின் காதுக்கு எட்டுகிறது. அவர் அதை நம்பி, வீட்டை விட்டு மறைந்துவிடுகிறார். முதலில் மகனைத் தேடிய கமலாம்பாள் இப்போது கணவனையும் தேட வேண்டியவளாகிறாள்.

இந்த நாவலில் மர்மத்தின் விடை வாசகருக்கு முன்பே தெரியும். கமலாம்பாள் குற்றமற்றவள் என்பதில் ஐயமே இல்லை. ஆனாலும் பதற்றம் குறைவதில்லை. காரணம், பொய் எவ்வளவு வேகமாகப் பரவும், கணவன் அதை எப்போது உணர்வான் என்பதே இங்கே கேள்வி. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் இடத்துக்கு ராஜமையர் 'வம்பர் மகாசபை' என்று பெயர் வைத்தார். சிரிப்பை வரவழைக்கும் அந்தச் சபைதான் குடும்பத்தைச் சிதைக்கும் கருவியும் ஆகிறது. மேனாட்டு மர்ம நாவலில் இரகசியம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். தமிழ் நாவலில் அது ஆற்றங்கரையில் உலாவும். சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் கடைசியில் தெரியும். இந்த வேறுபாட்டைத் தொடங்கி வைத்தது கமலாம்பாள் சரித்திரம்.

பெருங்குளம் மாதவையா

ராஜமையர் பிறந்த அதே 1872இல், கொற்கை அமைந்த அதே தாமிரபரணிக் கரைப் பகுதியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் பெருங்குளத்தில் அ. மாதவையா பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, உப்பு, சுங்க இலாகாவில் அதிகாரியாகப் பணியாற்றினார். 1892இல் 'விவேக சிந்தாமணி'யில் அவர் எழுதத் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' இடையில் நின்றது. விதவை ஒருத்தியின் வாழ்வைப் பேசும் அக்கதை 1903இல் 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் நூலாக வந்தது.

மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' முதற் பாகம் 1898இலும் இரண்டாம் பாகம் 1899இலும் வெளிவந்தன. கல்வி கற்ற நாராயணன், தான் விரும்பி வாழும் மனைவி பத்மாவதியையும் உயிர் நண்பன் கோபாலனையும் இணைத்து ஐயுறுகிறான். கமலாம்பாளில் ஐயம் ஊரின் வாயிலிருந்து வந்தது. பத்மாவதியில் அது கணவனின் மனத்திலேயே வளர்கிறது. ஆங்கிலக் கல்வி கற்றவன் பெண்கல்வியை ஆதரிப்பான். ஆனால் படித்த மனைவி நண்பனுடன் இயல்பாகப் பேசினால் தாங்குவானா என்பதே மாதவையா எழுப்பிய கேள்வி. மேடையில் சீர்திருத்தம் பேசிய தலைமுறையின் வீட்டுக்குள் இருந்த இரகசியம் அதுதான். 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பேசி அமர்ந்த சிறிது நேரத்தில் மாதவையா உயிர்நீத்தார்.

துப்பறிவாளர் வருகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் துப்பறியும் நாவல்களைப் பெருவாரியாக எழுதினர். ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளைத் தழுவியவையும் அவற்றில் உண்டு. ரங்கராஜுவின் துப்பறிவாளர் கோவிந்தன் அக்கால வாசகரிடையே பெரும்புகழ் பெற்றார்.

இவற்றுள் குடும்ப மர்ம வகைக்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு வடுவூராரின் 'மேனகா'. சென்னை வக்கீல் வராகசாமியின் மனைவி மேனகா ஒருநாள் வீட்டிலிருந்து காணாமற்போகிறாள். அவள் ஓடிப்போய்விட்டாள் என்று கணவன் நம்ப வைக்கப்படுகிறான். உண்மையில் அவளை விலைபேசி விற்றவர்கள் அவனுடைய உடன்பிறந்த சகோதரிகளே. அந்த வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்கு எதிரி வெளியாரல்லர் என்பதுதான் கதையின் அடிப்படை. டி. கே. எஸ். சகோதரர்கள் இதை நாடகமாக நடத்தினர். ராஜா சாண்டோ இயக்கத்தில் 1935இல் திரைப்படமானது. 1980களில் மாத நாவல்கள் பெருகியபோது இதே அமைப்பு காவல் நிலையமும் தொலைபேசியும் கலந்து புதுப்பிக்கப்பட்டது.

கடல்புரத்தில்

குடும்ப இரகசியத்தைத் துப்பறிவாளர் இல்லாமலே எழுதி, முத்துக்குளித்துறையின் கரையிலேயே நிறுத்திக் காட்டியது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977இல் வெளிவந்த இச்சிறு நாவலின் களம் மணப்பாடு. பரதவரான குரூஸ் மிக்கேல் பழைய வல்லத்தை நம்பி வாழ்பவர். லாஞ்சு எனப்படும் விசைப்படகுகள் வந்து கடலைப் பங்குபோடும் காலம். வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வரும்படி வெளியூரில் இருக்கும் மகன் செபஸ்தி வற்புறுத்துகிறான். மகள் பிலோமி சாமிதாஸ் என்பவனைக் காதலித்துக் கைவிடப்படுகிறாள்.

மிக்கேலின் மனைவி மரியம்மைக்கும் ஊரின் வாத்திக்கும் நெடுநாள் நட்பு உண்டு. இதை வண்ணநிலவன் அதிர்ச்சித் திருப்பமாக வைக்கவில்லை. வீட்டாரும் ஊராரும் அறிந்தும் அறியாததுபோல் நடமாடும் ஓர் உண்மையாக அது இருக்கிறது. தாய் இறந்த பிறகு பிலோமி அதே வாத்தியிடம் பேசி ஆறுதல் பெறுகிறாள். தாயின் இரகசியம் மகளுக்கு வெட்கமாக முடியாமல் புரிதலாக முடிவது தமிழ் நாவலில் அரிது.

கேரளக் கரையைப் பற்றித் தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய 'செம்மீன்' நாவலுடன் இதை ஒப்பிடலாம். சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார். கரையில் மனைவி நெறி தவறினால் கடலில் கணவன் அழிவான் என்ற நம்பிக்கையே செம்மீனின் அச்சு. அதாவது கணவன் காணாமற்போனால் குற்றவாளி கரையில் இருக்கும் மனைவி. கடல்புரத்தில் அந்தத் தீர்ப்பை வழங்க மறுக்கிறது. இங்கே குடும்பத்தைச் சிதைப்பவை கடனும் லாஞ்சும் விற்பனையும். மரியம்மையின் மனம் அன்று.

ஆழி சூழ் உலகு

உவரியில் பிறந்து கப்பல் துறையில் பணியாற்றிய ஜோ டி குருஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு' 2004இல் வெளிவந்தது. ஆமந்துறை என்னும் கற்பனை ஊரின் 1933 முதல் 1985 வரையிலான வாழ்வு இதன் பரப்பு. முதியவர் கோத்ராப் பிள்ளை, சூசை, இளைஞன் சிலுவை ஆகிய மூவர் புயலில் சிக்கிக் கடலில் மிதக்கின்றனர். அவர்களின் அந்த நாட்களும் ஊரின் அரை நூற்றாண்டுக் கதையும் மாறி மாறிச் சொல்லப்படுகின்றன.

மூவரைக் காணோம், திரும்புவார்களா என்ற ஒரே கேள்வியில் வாசகரைக் கட்டிவைத்து, அந்த இடைவெளியில் பகை, நட்பு, மறைந்த உறவுகள், மனச்சாட்சியின் உறுத்தல் ஆகிய அனைத்தையும் நாவல் திறக்கிறது. கரையில் ஒளித்து வைத்தவை கடலில் ஒளிக்கப்படுவதில்லை. இளைஞன் பிழைக்க வேண்டும் என்று முதியவர்கள் தம் உயிரை விடும் முடிவு, வீட்டுக் கணக்குகள் யாவற்றையும் தீர்த்துவைப்பதுபோல் அமைகிறது. தூத்துக்குடியையே களமாகக் கொண்டு 1914 முதல் 2000 வரை விரியும் அவருடைய 'கொற்கை' 2009இல் வெளிவந்து, 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

சட்டத்தின் ஏழு ஆண்டுகள்

நாவலில் காணாமற்போனவர் கடைசி அத்தியாயத்தில் கிடைத்துவிடுவார், அல்லது இறந்த செய்தி வரும். கடற்கரையில் இரண்டும் நடக்காமல் போவதுண்டு. உடல் கிடைக்காதவரை இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை, சொத்து, வங்கிக் கணக்கு எதுவும் எளிதில் கைக்கு வராது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் இல்லையென்றால், அவர் உயிருடன் இருப்பதாகச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது.

திருமணச் சட்டங்களும் இதையொட்டியே அமைந்துள்ளன. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்திலும், கிறித்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின் 2001 திருத்தத்திலும் ஏழு ஆண்டுகள் செய்தியின்மை மணமுறிவுக்கு ஒரு காரணம். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் மனைவிக்கு நான்கு ஆண்டுகளையே வரம்பாக வைத்துள்ளது. அக்காலம் வரை அப்பெண் மனைவியா கைம்பெண்ணா என்பதற்குச் சட்டத்திலும் ஊரிலும் தெளிவான விடை இல்லை. பூ வைக்கலாமா, நல்லகாரியத்துக்கு முன்னே நிற்கலாமா என்று ஒவ்வொரு நாளும் மற்றவர் பார்வையில் பதில் தேட வேண்டியிருக்கும்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கரையின் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. காணாமற்போனோர் குடும்பங்கள் ஏழு ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை என்று விதி தளர்த்தப்பட்டு, இறந்தோருக்கு அறிவித்த 20 லட்சம் ரூபாய் உதவி அவர்களுக்கும் வழங்கப்பட்டது. பணம் வந்தது; ஆனால் அதைப் பெறுவதற்குக் கணவன் இறந்தான் என்று மனைவியே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

மதிப்பீடு

தமிழ்க் குடும்ப மர்ம நாவலின் வளர்ச்சியில் மூன்று நிலைகளைக் காணலாம். முதல் நிலையில் மனைவி குற்றமற்றவள் என்று நிறுவுவதே கதையின் வேலை. கமலாம்பாளும் மேனகாவும் இதற்குச் சான்று. இரண்டாம் நிலையில் ஐயப்படும் கணவனின் மனமே விசாரணைக்கு உள்ளாகிறது. மாதவையா இதைத் தொடங்கினார். மூன்றாம் நிலையில் தீர்ப்பு சொல்வதையே நாவல் விட்டுவிடுகிறது; வண்ணநிலவனும் ஜோ டி குருஸும் இரகசியம் உள்ள மனிதர்களை அவர்களின் தொழிலோடும் கடலோடும் சேர்த்துப் பார்க்கச் செய்தனர்.

இம்மூன்று நிலைகளிலும் மாறாமல் நிற்பவள் காத்திருக்கும் பெண். மதுரை அரசவையில் கண்ணகி கேட்டது கணவன் கள்வனா என்ற கேள்விக்கான விடையை. கடற்கரைப் பெண் கேட்பது கணவன் இருக்கிறானா என்பதை. முன்னதற்கு உடைத்துக் காட்ட ஒரு சிலம்பு இருந்தது. பின்னவளின் கையில் அப்படி எதுவும் இல்லை.